தொண்ணூற்றெட்டு சதவீதம்

எட்டு மாதம் கழித்து தச்சநல்லூர் வீட்டைத் திறந்தேன். மதிய வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே, பூட்டிக் கிடந்த வாடையோடு விஜயஸ்ரீயின் தைல வாசமும் இருந்தது. என் மனைவி. அவள் போனபின் அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரும் மோடமும் இங்கேதான்.

"அஞ்சு மணிக்குள்ள ஃபைல் வரலைன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன் வே" என்று மெட்ராஸ் கம்பெனி ஐயம்பெருமாள் அண்ணாச்சி கறாராகச் சொல்லியிருந்தார். இதை விட்டால் எனக்கு வேறு பிழைப்பில்லை.

மாடியில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, ஃபைலை அனுப்பும் கட்டளையைத் தட்டினேன். கறுப்புத் திரையில் சதவீத எண் ஊர்ந்தது. பத்து. பதினொன்று. மாடிப் போனுக்கும் கூடத்துப் போனுக்கும் ஒரே லைன்; மோடம் ஓடுவதும் அதில்தான். கீழே யாராவது போனை எடுத்தால் இங்கே அறுந்துவிடும். முதலிலிருந்து அனுப்ப வேண்டும். இதற்காக அவளை எத்தனை தடவை திட்டியிருப்பேன்!

தொண்ணூற்றெட்டில் அறுந்தது.

இறங்கிப் போனேன். ரிசீவர் மேசைமேல் கிடந்தது. சனியன் பிடித்த எலி! எடுத்து வைத்துவிட்டு மறுபடி அனுப்பினேன்.

மறுபடியும் தொண்ணூற்றெட்டு.

இந்தத் தடவை கூடத்துப் போனின் ஒயரைப் பிடுங்கி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். மணி நாலு. மூன்றாம் முறை அனுப்பினேன். தொண்ணூற்றாறு வரும்போது மணி நாலரை.

தைல வாசம் மாடிப்படி ஏறி வந்தது. கூடவே மூச்சிழுப்பு.

"என்னங்க... இன்னும் முடியலையா?"

எட்டு மாதம் முன்பு, அன்றைக்கும் நாலரை மணிக்கு, படியடியில் நின்று இதைத்தான் கேட்டாள். திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், "பொறுட்டி, தொண்ணூத்தெட்டு வந்துட்டு. போனைத் தொட்டிராத" என்றேன். பாவி மகள், தொடவே இல்லை. நூறானதும் இறங்கினேன். போன் பக்கத்தில் உட்கார்ந்தபடியே போயிருந்தாள்.

திரையில் தொண்ணூற்றெட்டு.

வேலையாவது மண்ணாவது! மோடத்தை நானே நிறுத்தினேன். "விஜி, எடுத்துப் பேசுட்டி. லைன் உனக்குத்தான்."

மாடிப் போனைக் காதில் வைத்தேன். யாரோ பைய எண்களைச் சுழற்றும் சத்தம். மறுமுனையில் மணி அடித்தது. அவளுக்கு இழுப்பு வைத்தியம் பார்த்த டாக்டர் வீட்டு நர்ஸ் சாலோமி எடுத்தாள்.

"நீங்கதானாம்மா? எட்டு மாசமா தெனமும் இந்நேரத்துக்குக் கூப்பிடுதீங்க, பேசவே மாட்டேங்கீங்க. மூச்சு முட்டுதா? எங்கன இருக்கீங்க?"

இழுப்பு மட்டும் கேட்டது.

அழுதுகொண்டே நான்தான் விலாசம் சொன்னேன். வீட்டு நம்பர், தெரு, எல்லாம்.

கீழே, பூட்டிய பீரோவுக்குள், ரிசீவரை வைக்கும் சத்தம் கேட்டது.