குண்டு மாமி எழுதுகிறாள்

“அது என்ன, பென்சிலா?”

“பென்சில் இல்ல ரக்ஷா, ஈயம். மீன் வலையில கட்ற குண்டு.” பள்ளிக்கூடத் தரையில் பாண்டிக்கட்டம் போட்டுக்கொண்டே ஜெஸ்ஸி சொன்னாள். குண்டு போன இடமெல்லாம் சாம்பல் நிறக் கோடு விழுந்தது.

“எங்காத்துலயும் ஈயச் சொம்பு இருக்கே. அதிலதான் அம்மா ரசம் வைப்பா.”

ஜெஸ்ஸியின் கை நின்றது. “ஈயத்துல ரசமா? இத்தத் தொட்டுட்டுக் கை கழுவாம வந்தா எங்கப்பா சோறே போடாது. வயித்துக்கு ஆவாதாம். நீங்க இன்னாடி, கொதிக்க வெச்சுக் குடிக்கிறீங்க?”

ரக்ஷா விழுந்து விழுந்து சிரித்தாள். அது பொங்கலுக்கு முன்னால்.

பொங்கல் முடிந்து, செங்கல்பட்டில் அம்மாவின் கல்யாணி அத்தை வீட்டைக் காலி செய்தார்கள். அங்கிருந்து ஒரு பெரிய பழைய ஈயச் சொம்பு, திருவிடந்தையில் இருந்த ரக்ஷாவின் வீட்டுக்கு வந்தது. அம்மா அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். “சின்ன வயசிலேர்ந்து இது மேல ஆசை எனக்கு” என்றாள்.

கறுத்த சொம்பு. வயிற்றில் இரண்டு பள்ளங்கள், அவற்றின் கீழே வளைந்த ஒரு கீறல். முகம் மாதிரி இருந்தது. நான்கு வயதுத் தம்பி ஸ்ரேயாஸ் அதற்குக் ‘குண்டு மாமி’ என்று பெயர் வைத்தான்.

மாமி வந்த பிறகு ஸ்ரேயாஸ் ஓடுவதை நிறுத்திவிட்டான். கூப்பிட்டால் திரும்புவதில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறை மூலையிலேயே உட்கார்ந்திருந்தான்.

பிறகு, பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரில் சாம்பல் நிறக் கோடுகள் வந்தன.

“யாருடா கிறுக்கினது?”

“குண்டு மாமி.”

“சொம்புக்குக் கை ஏதுடா?”

“மாமிக்குக் கை வேண்டாம்” என்றான் அவன், மெதுவாக.

ரக்ஷா வீட்டிலிருந்த பென்சில்களை எல்லாம் பீரோவின் மேல் ஒளித்து வைத்தாள். மறுநாள் சுவரில் ஒரு வட்டமும், அதற்குள் இரண்டு புள்ளிகளும் இருந்தன.

அன்று சாயங்காலம் கரண்ட் போயிற்று. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பா வெங்கடராகவன் வாசலில் விசிறிக்கொண்டிருந்தார். தூரத்தில் கடல் இரைந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே சமையலறையிலிருந்து வேறொரு சத்தம் கேட்டது.

சர்ர்ர். சர்ர்ர்.

ரக்ஷா எட்டிப் பார்த்தாள். அரையிருட்டில் குண்டு மாமி சுவரோரமாகத் தானே நகர்ந்துகொண்டிருந்தாள். அவள் போன வழியெல்லாம் கோடு விழுந்தது.

ரக்ஷா ஓர் அடி உள்ளே எடுத்து வைத்தாள். கண் இருட்டுக்குப் பழகியதும்தான் சொம்பைச் சுற்றியிருந்த பத்து குட்டி விரல்கள் தெரிந்தன. ஸ்ரேயாஸ் சொம்பைத் தூக்கி அதன் விளிம்பை நக்கினான்.

“மாமி தித்திக்கறா” என்றான். அவன் உதடு சாம்பல் நிறமாக இருந்தது.

ஜெஸ்ஸி போட்ட பாண்டிக்கட்டம் ரக்ஷாவின் நினைவுக்கு வந்தது. அதுவும் இதே நிறம்தான். சொம்பைப் பிடுங்கி அலமாரியின் மேல் வைத்தாள். தம்பியின் வாயையும் கையையும் கழுவிவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

“அப்பா, ஈயத்தில ரசம் வைக்கலாமா?”

“ஈயம்னா ரெண்டு இருக்கு. பாத்திரம் பண்றது வெள்ளீயம். வலைக் குண்டு காரீயம், அது விஷம். பேரு ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணா? ஏன் கேக்கறே?”

கோயில் பிரசாதத்துடன் அம்மா படியேறி வந்தாள். “இன்னிக்கும் குண்டு மாமியிலதான் சாத்தமுது” என்று சொல்லிச் சிரித்தாள். அவர்கள் வீட்டில் ரசத்துக்கு அதுதான் பெயர். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ரக்ஷா சொல்ல வந்ததைச் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

இரவு சாப்பிட உட்கார்ந்தார்கள். தட்டில் விட்ட சாத்தமுதை அவள் தொடவில்லை. தம்பி தட்டையும் தள்ளி வைத்தாள். “ரெண்டு பேருக்கும் என்ன திமிரு” என்றாள் அம்மா.

காலையில் ரக்ஷா ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். வீட்டில் முன்பே இருந்த சின்ன ஈயச் சொம்பை அதில் தேய்த்தாள். தடம் தெரியவே இல்லை. குண்டு மாமியைத் தேய்த்தாள். பென்சில் போலக் கோடு விழுந்தது.

அம்மா புளி கரைத்துக்கொண்டே திரும்பினாள். “காகிதத்தில என்னடி விளையாட்டு?”

“அம்மா, உன் கல்யாணி அத்தை இதில சாத்தமுது வெச்சு நீ பார்த்திருக்கியா?”

“பின்னே? அத்தையாத்துல...” அம்மா யோசித்தாள். “இல்ல. அது எப்பவும் பரண் மேலதான் இருக்கும். எங்களை ஏறவே விடமாட்டா.”

சொல்லிவிட்டு அம்மா காகிதத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மூலையில் சுருண்டிருந்த ஸ்ரேயாஸைப் பார்த்தாள். புளித்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு அவனை வாரித் தூக்கிக்கொண்டாள்.

“இன்னும் என்னடி வெச்சிண்டிருக்கே மனசில? சொல்லிடு.”

தம்பி மாமியின் விளிம்பை நக்கியதையும், காரீயம் விஷம் என்று அப்பா சொன்னதையும் ரக்ஷா சொன்னாள்.

“இனிமே மாமி நம்ம சமையலறையில வேண்டாம்மா. ஸ்ரேயாஸை இப்பவே டாக்டர்கிட்ட கூட்டிண்டு போகலாம்.”