தாசில்தாருக்கு ஆறு கோழி

செண்பகத்தின் கறுப்புக் கோழியைத் தலையாரி பிடித்துக்கொண்டு போன அன்றைக்குத்தான், அவரும் அவர் கணவர் மண்ணாங்கட்டியும் கோழிக்கூடு கட்டுவதென்று முடிவு செய்தார்கள்.

அது 1938-ஆம் ஆண்டு. ஒலக்கூருக்குப் பக்கத்தில் பனையேந்தல் என்று ஒரு சிற்றூர். ஊருக்கு வெளியே, வயல்வேலை செய்பவர்கள் குடியிருக்கும் ஒரே ஒரு தெரு. அங்கேதான் அவர்கள் வீடு. இருவருக்கும் அறுபது வயதாகிறது. ஐந்து கோழிகள் வளர்த்தார்கள். இப்போது மிச்சம் இரண்டு.

தாசில்தார் ஒலக்கூர்ச் சத்திரத்தில் வந்து தங்கும்போதெல்லாம் தலையாரி தாண்டவராயன் பூண் போட்ட தடியுடன் அந்தத் தெருவுக்கு வருவார்.

"தாசில்தார் ஐயாவுக்குக் கோழி வேணும்" என்பார். தெருவில் மேயும் கோழிகளில் ஆறைப் பிடிப்பார். கால்களைக் கட்டித் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். யாராவது கேட்டால், "தெருவுல மேயற கோழி யாருக்கும் சொந்தம் இல்ல" என்பார்.

"அப்படின்னா இனிமே தெருவுல மேய விடமாட்டோம்" என்றார் செண்பகம்.

கூடு கட்ட ஆசாரியைக் கூப்பிட்டார்கள். "தலையாரிக்குத் தெரிஞ்சா பேஜாருப்பா" என்று அவர் நழுவிவிட்டார்.

"போகட்டும். நமக்குக் கை இல்லையா?" என்றார் மண்ணாங்கட்டி.

கம்பும் மூங்கிலும் ஓலையும் சேர்த்து, அடுத்த மாதம் ஒரு நாள் காலையில் கொல்லையில் வேலை தொடங்கியது. நான்கு மூலைக்கும் ஒதியங்கம்பு. சுற்றிலும் அடைக்க மூங்கில் பட்டை. மேலே போடப் பனை ஓலை. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி ஓடிவந்து மூங்கில் பட்டைகளை எடுத்துக் கொடுத்தாள். அவளுக்குப் பத்து வயது.

"கம்பு சாயுது" என்றார் செண்பகம்.

"சாயல. நீதான் சாஞ்சு நிக்கிற" என்றார் மண்ணாங்கட்டி.

"நானா? உங்க கண்ணுதான் சாஞ்சிருக்கு!"

பாஞ்சாலி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பெரியம்மா நேராத்தான் நிக்கிறாங்க. பெரியப்பா கண்ணும் நல்லாத்தான் இருக்கு. கம்பு மட்டும்தான் சாயுது" என்றாள்.

மண்ணாங்கட்டி சிரித்துக்கொண்டே கம்பைப் பிடுங்கி நேராக நட்டார்.

மாலையில் கூடு தயாரானது. கோழிகள் இரண்டும் உள்ளே போய் மூலை மூலையாகக் கொத்திப் பார்த்தன.

அந்த நேரம் பார்த்துத் தலையாரி வந்தார்.

"இன்னாது இது?"

"கோழிக்கூடுங்க" என்றார் மண்ணாங்கட்டி.

"யாரைக் கேட்டுக் கட்டுன?" என்று சொல்லிக்கொண்டே தலையாரி ஓங்கி ஓர் உதை விட்டார். ஒரு பக்கம் பொலபொலவென்று சரிந்தது. கோழிகள் கத்திக்கொண்டு கூரைமேல் ஏறின.

"நாளைக்குத் தாசில்தார் வர்றாரு. சாயங்காலம் வருவேன். ரெண்டு கோழியும் தயாரா இருக்கணும்!"

அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் செண்பகம் விழுந்த கம்பை எடுத்து நிறுத்திவிட்டார். மண்ணாங்கட்டி கயிற்றை எடுத்தார். இந்தத் தடவை குழியை இரண்டு மடங்கு ஆழமாகத் தோண்டினார்.

பாஞ்சாலிக்குக் கோபத்தில் மூக்கு சிவந்துவிட்டது. மண்ணைத் தள்ளிக்கொண்டே கேட்டாள்: "பெரியப்பா, தாசில்தார் ரொம்பக் குண்டா இருப்பாரா?"

"ஏன்?"

"ஒரே ஆளு ஆறு கோழி தின்றாரே!"

செண்பகம் சிரித்தார். சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "அவர் தின்னதை நம்மள்ல யாரு பாத்தோம்? சத்திரத்துப் பக்கம் நம்மளை யாரு விடறா?"

"விறகு கொண்டுபோனா விடுவாங்கல்ல?" என்றாள் பாஞ்சாலி. அவள் அம்மா விறகு விற்பவர்.

மறுநாள் காலை பாஞ்சாலி ஒரு சின்ன விறகுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒலக்கூருக்கு நடந்தாள். சத்திரத்தின் பின்பக்கம் தாசில்தாரின் சமையல்காரர் நின்றிருந்தார்.

"அங்கேயே இறக்கு. கிட்டே வராதே!" என்றார் அவர்.

பாஞ்சாலிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவள் வந்த வேலை வேறு. விறகை மெதுவாக இறக்கினாள். சுற்றிலும் நன்றாகப் பார்த்தாள். குப்பையில் பூசணித் தோல் கிடந்தது. முருங்கைக் காம்பு கிடந்தது. வாழைப்பூ மடல் கிடந்தது. ஒரே ஓர் இறகுகூட இல்லை.

"சாமி, தாசில்தார் ஐயாவுக்குக் கோழிக் குழம்புன்னா ரொம்பப் பிடிக்குமா?"

சமையல்காரர் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"சிவ சிவா! யார் சொன்னா? ஐயா வெங்காயத்தைக்கூடத் தொடமாட்டார்! சேவகர்களுக்கும் இதே சாப்பாடுதான். இந்தச் சத்திரத்துக்குள்ளே ஒரு கோழி வந்தா நான் வேலையை விட்டே போயிடுவேன்!"

பாஞ்சாலி அங்கிருந்து எடுத்த ஓட்டத்தைத் தெருவுக்கு வந்துதான் நிறுத்தினாள்.

சாயங்காலம் தலையாரி வந்தார். கூட்டின் கதவுக்கு முன்னால் மண்ணாங்கட்டியும் செண்பகமும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். தெரு ஜனங்கள் வேலி ஓரத்தில் கூடிவிட்டார்கள்.

"கதவைத் தெற" என்றார் தலையாரி.

"தெறக்க மாட்டேன்" என்றார் செண்பகம். "இது எங்க கொல்லை. நாங்க கட்டுன கூடு. உள்ள இருக்கறது எங்க கோழி."

"மறுபடியும் உதைப்பேன்!"

"உதை" என்றார் மண்ணாங்கட்டி. "இன்னிக்கு உதைச்சா இன்னிக்கே கட்டுவோம். நாளைக்கு உதைச்சா நாளைக்கும் கட்டுவோம். உனக்குத்தான் கால் வலிக்கும்."

தலையாரியை அவர் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"தாசில்தாருக்கே இல்லைங்கிறியா? ஜெயிலுக்குத்தான் போகப்போற!"

"கோழியைக் குடுத்துடலாம் பெரியப்பா" என்றது ஒரு குரல்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாஞ்சாலி கையில் ஒரு கூடையுடன் நின்றாள்.

"ஆனா நாமளே கொண்டுபோய்க் குடுக்கலாம். காலையில நான் சத்திரத்துக்குப் போயிருந்தேன். ஐயா வெங்காயத்தைக்கூடத் தொடமாட்டாராம். சமையல்காரரே சொன்னாரு. அப்போ இத்தினி நாளா அவர் பேரைச் சொல்லிப் பிடிச்ச கோழியெல்லாம் எங்க போச்சு? வாங்க, அவரையே கேக்கலாம். கூடையை நான் தூக்கிக்கினு வர்றேன்."

தலையாரியின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. "ஐயா... ஐயா இப்போ வேலையா இருப்பாரு."

"இருக்கட்டும். நாங்க காத்துக்கினு இருக்கோம்" என்றார் செண்பகம்.

"நாங்களும் வர்றோம்!" என்று வேலி ஓரத்திலிருந்து பத்துக் குரல்கள் கேட்டன.

தலையாரி ஓர் அடி பின்னால் வைத்தார். "இன்னிக்குக் கோழி வேணாம்."

"இன்னிக்கு மட்டுமா?" என்று கேட்டாள் பாஞ்சாலி.

"என்னிக்கும் வேணாம்!" என்று கத்திவிட்டுத் தலையாரி ஜல்தியாக நடையைக் கட்டினார். அப்புறம் ஒவ்வொரு முறை தாசில்தார் வந்தபோதும், அவர் அந்தத் தெருவை விட்டுச் சுற்றுவழியில்தான் போனார்.

அடுத்த வாரமே அந்தத் தெருவில் ஏழு கொல்லைகளில் கூடு எழும்பியது. வீட்டுக்கு வீடு போய், கம்பு சாய்கிறதா இல்லையா என்று மண்ணாங்கட்டியும் செண்பகமும் சண்டை போட்டார்கள்.

பாஞ்சாலியின் வீட்டில் ஒரு கோழிகூடக் கிடையாது. ஆனாலும் அவள் அம்மா குழி தோண்டிக்கொண்டிருந்தார்.

"கோழியே இல்லாம இன்னாத்துக்கும்மா கூடு?" என்று கேட்டாள் பாஞ்சாலி.

"முதல்ல கூடு இருக்கட்டும்டீ. கோழி அப்புறம் வரும்" என்று சொல்லி, அம்மா அவள் கையில் ஒரு கம்பைக் கொடுத்தார்.