முதுகில் விழுந்த வெளிச்சம்

1994 டிசம்பரில் இளவேனிலும் அவள் அண்ணன் ரவிக்குமாரும் ஒண்டிப்புதூருக்குக் கிழக்கே ஒரு புது நகரில் குடியேறினார்கள். பெயர்தான் நகர். சோளக்காட்டைச் சைட்டுகளாகப் பிரித்து விற்றிருந்தார்கள். கட்டி முடிந்த வீடுகள் ஏழு. மீதி இடமெல்லாம் மஞ்சள் பூசிய எல்லைக்கற்களும் சீமைக்கருவேலமும். நடுவே மட்டும் முக்கால் கிலோமீட்டர் நீளத்துக்கு, வளைவே இல்லாத தார்ரோடு ஒன்று கிடந்தது. அதைப் பார்த்துத்தான் இளவேனில் அந்த வீட்டுக்குச் சம்மதித்தாள்.

பெண் போலீஸ் தேர்வில் போன வருடம் ஓட்டத்தில் நான்கு நொடி பிந்தி வெளியே வந்தவள் அவள். வயது வரம்புப்படி ஜனவரியில் வருவது கடைசி வாய்ப்பு. அதுவும் போனால் திருப்பூர் பஸ் ஏறிப் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டப் போக வேண்டியதுதான்.

விடிகாலை ஐந்து மணிக்கு அவள் ஓடுவாள். ரவி பின்னால் சைக்கிளில் வருவான். சைக்கிளின் டைனமோ விளக்குதான் அவளுக்கு வெளிச்சம்.

"திரும்பிப் பாக்காத அம்மணி. திரும்புனா ஒரு நொடி போயிரும்," என்றான் முதல் நாளே. "வெளிச்சம் மங்குனா நான் மெதுவா வாரேன்னு அர்த்தம். பளிச்சுன்னு அடிச்சா நீ எட்டி வெக்கோணும்."

"பொறத்தால நாய் தொரத்துனா?"

"அப்ப இன்னும் நல்லா ஓடுவ, போ."

மூன்றாவது வாரம் ஒரு நாள் பனி ரோட்டோடு ஒட்டிக் கிடந்தது. ஓட ஆரம்பித்துச் சிறிது தூரத்திலேயே வெளிச்சம் கூடியது. சக்கரத்தில் டைனமோ உரசும் சத்தம் உறுமலாக ஏறியது. அவளுடைய கால்களின் நிழல் முன்னே பெரிதாக நீண்டு நீண்டு மடங்கியது. இவ்வளவு வேகமாக அண்ணன் மிதித்ததே இல்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். ரோட்டின் கோடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியைத் தொட்டுக் கைக்கடிகாரத்தை அழுத்தினாள்.

குறித்த நேரத்துக்கு இரண்டு நொடி முன்னதாகவே வந்திருந்தாள்.

"ண்ணா! பாத்தீங்களா!"

பின்னால் யாரும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, பனிக்குள்ளிருந்து ரவி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். கையெல்லாம் கிரீஸ்.

"ஏறி மிதிச்ச உடனே செயின் கழண்டுபோச்சு. அத்தனை சத்தம் போட்டுக் கூப்பிட்டேன், காதுல உழுகலையா?"

அவள் கடிகாரத்தை மட்டும் காட்டினாள். மற்றதைச் சொல்லவில்லை. சொன்னால் அவன் இந்த ரோட்டுக்கே விடமாட்டான்.

மறுநாள் முதல், பக்கத்து வீட்டு மெஹராஜ் துணைக்கு வருவதாகப் பொய் சொல்லித் தனியாகவே கிளம்பினாள். ரவிக்கும் லேத் பட்டறையில் இரவு வரை வேலை. தூங்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். தனியாக ஓடத் தொடங்கிய கணமே முதுகில் வெளிச்சம் விழுந்தது.

நகரின் வாட்ச்மேன் பங்காருவிடம் ஒரு மத்தியானம் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள். "ஏனுங்க, வெடியக்காலம் இந்த ரோட்டுல யாராச்சும் சைக்கிள்ல வாராங்களா?"

பங்காரு பீடியைக் கீழே போட்டு மிதித்தான்.

"வாராங்கன்னு ஆருங்க சொன்னது?"

"சும்மா கேட்டேனுங்க."

"முன்ன இது இட்டேரிங்க, காட்டுக்குள்ள போற தடம். மில்லுல பதிலியா இருந்த ஆளு ஒருத்தரு இதுலதான் வருவாரு. லேட்டாப் போனா அன்னைக்கு வேலை இல்லைன்னு திருப்பி அனுப்பிருவாங்க. ஒருநா இருட்டுல, அஞ்சரைச் சங்கு ஊதறக்குள்ள கேட்டுக்குப் போயரோணும்னு மிதிச்சுருக்காரு. பக்கத்துல செவுரு இல்லாத கெணறு." அவன் ரோட்டைக் காட்டினான். "ஆளை எடுத்தாங்க. சைக்கிள எடுக்கலைங்க. மண்ணைக் கொட்டி மூடிப்போட்டாங்க. அதுக்கு மேலதான் தார் போட்டுருக்குது."

அதைக் கேட்ட மறுநாளும் அவள் ஓடினாள். ஒவ்வொரு நாளும் ஒரு நொடி, அரை நொடி குறைந்தது. ஒவ்வொரு நாளும் வெளிச்சம் நெருங்கியது. கிணற்றடிச் சேற்றின் நாற்றம் கழுத்துக்குப் பின்னால் வரத் தொடங்கியது. யாரோ வாயால் மூச்சு வாங்கும் சத்தமும் கேட்டது. பகலில் அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சோறு பொங்கும்போதும் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

தேர்வுக்கு மூன்று நாள் இருந்தபோது, அவள் கிளம்ப அரை மணி பிந்திவிட, பாதி ஓட்டத்தில் மில்லின் அஞ்சரைச் சங்கு ஊதியது. நீளமாக ஊதி அடங்கியது.

அவள் நின்றுவிட்டாள்.

மெல்லத் திரும்பினாள்.

பத்தடி தூரத்தில் வெளிச்சம் மட்டும் நின்றிருந்தது. சக்கரம் நின்றால் டைனமோ விளக்கு அணைந்துவிடும். இது அணையவில்லை. எங்கேயும் நகராத ஒரு சக்கரம் எங்கோ சுற்றிக்கொண்டிருந்தது. ரோட்டில் தண்ணீர் சொட்டியது.

"ஏனுங்க அம்மணி..." தயங்கித் தயங்கி, மரியாதையாக ஒரு குரல். "சங்கு ஊதிருச்சுங்களா?"

அவள் வாயைத் திறந்தாள். ஊதிவிட்டது, இனி அவசரமில்லை, போங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது. இன்னும் மூன்று நாள் இருந்தது.

"இன்னும் ஊதலைங்க," என்றாள் இளவேனில். "நேரம் இருக்குதுங்க. வாங்க."

தேர்வு மைதானத்தில் நல்ல வெயில். பின்னால் எதுவும் வரவில்லை. வந்ததுபோலவே நினைத்துக்கொண்டு ஓடினாள். ஐந்து நொடி மிச்சம் வைத்து முடித்தாள். பெயரைப் பட்டியலில் எழுதிய பெண் காவலர், "இப்படி யாரு கண்ணு பழக்குனது?" என்று சிரித்தார். இளவேனிலுக்குச் சிரிக்க வரவில்லை.

அன்று இரவு முழுக்கப் புரண்டாள். விடிகாலையில் எழுந்து, ஓடாமல் நடந்தே போனாள். மூடிய கிணற்றுக்கு மேல் தார் லேசாக உள்வாங்கியிருந்த இடத்தில் நின்றாள். சங்கு ஊதும்வரை காத்திருந்தாள். ஊதி முடிந்ததும் வெற்று ரோட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"ஊதிருச்சுங்க. அன்னைக்கே ஊதிருச்சுங்க. நான் பொய் சொல்லிப்போட்டேன். நீங்க போங்க."

பனி அசையவில்லை.

பிறகு, காதுக்கு மிக அருகில்:

"தெரியுமுங்க. எனக்கும் கேட்டுச்சுங்க."

அவள் ஓரடி பின்வாங்கினாள்.

"நீங்க வாங்கன்னீங்க. அதனாலதானுங்க இருந்தேன்."

அவள் வீட்டுக்கு ஓடினாள். அதுவரை ஓடாத வேகம். வெளிச்சம் இல்லை, சத்தம் இல்லை, நாற்றமும் இல்லை. கிழக்கு வெளுத்திருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே கதவைத் தட்டினாள்.

ரவி பல்துலக்கும் பிரஷ்ஷோடு கதவைத் திறந்தான். அவளைப் பார்த்தான். அவள் தோளுக்கு மேலே பார்த்தான். சட்டென்று லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.

"வாங்க, வாங்க," என்றான் சிரித்தபடி. "நனைஞ்சுட்டு வாசல்லயே நிக்கறீங்களே. உள்ள வாங்க."