பதினொரு விதவைகளும் ஒரு பம்பும்

"விடியக் காலை வெள்ளாப்பிலேயே தொடங்கிட்டாவா உங்கட உம்மா? ஒரு வாளி தண்ணி அடிக்க ஏலாதாம்! நடிப்பு... எல்லாம் நடிப்பு!"

றுகையாவின் மருமகன் பளீல் மனைவியிடம் போட்ட சத்தம் வளவெங்கும் கேட்டது. தன் பட்டறையில் அவனே செய்த இரும்புப் பம்பைக் குழாய்க்கிணற்றில் நேற்றுத்தான் பூட்டியிருந்தான். அதன் குட்டைப் பிடியை இரு கைகளாலும் அமுக்கினாள் றுகையா. பிடி அசையவில்லை.

மருதமுனைத் தறியில் முப்பது வருடம் நெய்து, மகள் லைலாவுக்குக் கல்வீடு கட்டிச் சீதனமாகக் கொடுத்த கைகள் அவை. அறுபத்தைந்து வயதில் ஈரத்துணி பிழியவும் வலுவில்லை. வீட்டைக் கொடுத்துவிட்டுக் குசினியில் அடுப்போரமாய்ப் படுத்தாள், ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

"மகள்... நீயாவது சொல்லுகா. உம்மா பொய்யா சொல்றன்?"

லைலா புருஷனைப் பார்த்தாள். "கொஞ்சம் தெண்டிச்சி அமுக்கினா ஏலும்தானே உம்மா..."

பெற்ற மகளுமா! றுகையா அழவில்லை. ஏழை விதவைகளின் வளவுகளுக்கு இருபது பம்பு பளீலிடம் செய்விக்க, இந்தப் பம்பைப் பார்க்கப் பள்ளிவாசல் தலைவர் வியாழக்கிழமை வருகிறார் என்பது அவளுக்குத் தெரியும். வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

வியாழன் காலை தலைவருக்கு முன்னால் பளீல் ஒற்றைக் கையால் அடித்தான். தண்ணீர் பாய்ந்தது. அந்த நேரம் பார்த்துப் படலை திறந்தது. றுகையாவும், அவள் பின்னால் முக்காடிட்ட வயது முதிர்ந்த விதவைகள் பதினொரு பேரும்!

"பம்பு எங்களுக்குத்தானே ஹாஜியார்? நாங்களும் அடிச்சிப் பாக்கம்," என்றாள் றுகையா தலைவரிடம்.

ஒருத்தி அமுக்கினாள். இருவர் சேர்ந்து அமுக்கினார்கள்... ஒரு சொட்டு வரவில்லை.

"உன்ட வயசுக்காரனுக்கா தம்பி நாங்க பம்பு கேட்ட?" தலைவர் பம்பு வேண்டாமென்று எழுந்து போய்விட்டார்.

"என்ட மானத்த வாங்கிட்டீங்களே மாமி!"

"என்ட மானம் போகக்குள்ள நீங்க எங்க நிண்ட மருமகன்?"

றுகையாவுக்கு வயிறு குளிர்ந்தது.

இரண்டு கிழமை பளீல் பட்டறையிலேயே கிடந்தான். பிடியை இருமடங்கு நீளமாக்கி மறுபடி பூட்டினான். றுகையா மெல்ல அமுக்கினாள். தண்ணீர் கொட்டியது!

"என்ன மன்னிச்சிடுங்க உம்மா..." லைலா காலடியில் விழுந்து கதறினாள். றுகையா அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டாள். ஆனால் மருமகனை விடவில்லை. பதினொரு பேரையும் மறுபடி அழைத்தாள்.

"நடிப்பு எண்டு சொன்னீங்களே... அத இவங்களுக்கு முன்னால திருப்பி எடுங்க."

பளீல் தலைகுனிந்தான். "பிழை என்டதான் மாமி... நீங்க நடிக்கல்ல."

"இன்னும் கொஞ்சம் சத்தமா, மருமகன். இதில நிக்கிற நம்மட ஆசியா உம்மாக்குக் காது கேக்காது."

பளீல் மறுபடியும் சொன்னான், தெருவுக்கே கேட்கும்படி.