ஒன்பது லட்சம் வோன் பெட்டி

நாரேயின் இரண்டு தோள்களும் கழன்று விழுந்துவிடும்போல் வலித்தன. தென்கொரியாவின் பூசான் நகரில் அவள் படிக்கும் பள்ளி மலைச்சரிவில் இருந்தது. கார் கீழ் வாசலோடு நின்றுவிடும். அங்கிருந்து மேலே நூற்றுப் பதினான்கு படிகள். எழுபதாவது படியில் அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இதுக்குள்ள என்னடா இருக்கு, கல்லா?"

"மெதுவா வை!" என்று பதறினான் தோகியம். பெட்டியின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் அவன்தான். "புதுசா வாங்கும்போது நாப்பத்திரண்டு லட்சம் வோன் தெரியுமா?"

"அவ்வளவு காசு வாங்கினவங்க ரெண்டு சக்கரம் வச்சுக் கொடுத்திருக்கலாம்."

இருவரும் ஆறாம் வகுப்பு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளி முழுக்கப் பாட்டும் அறிவிப்பும் போடும் ஒலிபரப்புக் குழுவில் இருந்தார்கள். நாரேதான் அறிவிப்பாளர்.

கணினிக்குள் பாட்டு வெறும் எண்களாக இருக்கும். அந்த எண்களை ஒலியாக மாற்ற ஒரு சின்னப் பெட்டி வேண்டும். அதற்கு ஒலிமாற்றி என்று பெயர். பள்ளியின் ஒலிமாற்றி பழுதாகி, எந்தப் பாட்டைப் போட்டாலும் அப்பளம் பொரிகிற சத்தம் கூடவே வந்தது. பல் மருத்துவரான தோகியத்தின் அப்பா, தன் ஒலிமாற்றியை ஒன்பது லட்சத்துக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். குழுவின் ஒரு வருடப் பணமே ஒன்பது லட்சம்தான்.

மேலே வந்ததும் துணைத் தலைமையாசிரியர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். "நல்ல கனம். நல்ல பொருளாத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை முடிவு பண்ணிடலாம்" என்றார்.

ஆனால் நாரே அந்தப் பணத்தை வேறொன்றுக்காக மனத்தில் எடுத்து வைத்திருந்தாள்.

அவளுடைய அம்மா இதே பள்ளியின் சமையலறையில் வேலை செய்கிறாள். காலையிலிருந்து எண்ணூறு பேருக்குச் சமைப்பாள். அங்கிருந்த ஸ்பீக்கர் நீராவி பட்டுக் கெட்டு இரண்டு வருடம் ஆகிறது. "இன்னைக்கு என்னடி பேசின?" என்று ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து கேட்பாள். ஒரே கட்டடத்தில் இருந்தும் மகள் பேசியதை ஒரு நாள்கூட அவள் கேட்டதில்லை. இந்தப் பள்ளி ஆறாம் வகுப்பு வரைதான்; பிப்ரவரியில் நாரே அதை முடித்துப் போய்விடுவாள். இந்த வருடம் ஸ்பீக்கர் வரவில்லையென்றால், பிறகு எப்போதும் கேட்கப் போவதில்லை.

குழுவுக்குப் பொறுப்பான பியோ டீச்சர் இன்னொரு ஒலிமாற்றியும் வாங்கி வந்திருந்தார். சோப்புப் பெட்டி அளவுதான் இருந்தது. விலை தொண்ணூறாயிரம்.

"இதுவா?" என்று சிரித்தான் தோகியம். "இதை என் பென்சில் டப்பாக்குள்ள போட்டுடலாம்."

"கேட்டுட்டுச் சொல்லு. பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பிடலாம்" என்றார் டீச்சர்.

குழுவின் ஐந்து பேரும் பக்கத்து வகுப்பறையில் கூரை ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார்ந்தார்கள். டீச்சர் ஒரே பாட்டை ஒருமுறை ஒரு பெட்டியிலும், அடுத்தமுறை மற்றதிலும் போட்டார். எது எது என்று சொல்லவில்லை.

"முதல்ல கேட்டது!" என்றார்கள் ஐந்து பேரும். நாரேயும் அதற்குத்தான் கை தூக்கினாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. முதலில் போட்டது கனமான பெட்டி.

தோகியம் மேசையில் தாளம் போட்டான். நாரே கருவிகளை அணைக்க ஒலிபரப்பு அறைக்குப் போனாள். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் பலகையில் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சை விளக்குகள் ஏறி இறங்கின. சின்னப் பெட்டிக்கு ஐந்தாவது விளக்கோடு நின்றன. அவள் பெரிய பெட்டிக்கு மாற்றிப் பார்த்தாள். ஏழாவது வரை ஏறின. மறுபடி மாற்றினாள். ஐந்து. மறுபடி. ஏழு.

அவள் எல்லாரையும் கூப்பிடவில்லை. தோகியத்தை மட்டும் கூப்பிட்டாள்.

"உங்கப்பா பெட்டி சத்தமா பாடுது. பாரு."

அவன் முகம் சிவந்தது. "அப்ப எங்கப்பா ஏமாத்துறாருன்னு சொல்றியா?"

"யாருடா அப்படிச் சொன்னா? பெட்டி நல்ல பெட்டிதான். சத்தமா கேட்டா எதுவும் நல்லாத்தான் இருக்கும். நீ கத்திப் பேசும்போது நீ சொல்றதுகூட எனக்குச் சரின்னுதான் தோணுது."

அவன் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தான். பிறகு சிரித்துவிட்டான்.

"ரெண்டையும் ஒரே விளக்குல நிறுத்திட்டு மறுபடி கேட்கலாம். குமிழை நீயே திருகு. நான் தொடமாட்டேன்" என்றாள் நாரே.

அவன் நாக்கைத் துருத்திக்கொண்டு, மயிரிழை மயிரிழையாகத் திருகினான். இரண்டும் ஆறாவது விளக்கில் நின்றன. டீச்சரிடம் அவனே போய்ச் சொன்னான். இந்த முறை டீச்சர் பெட்டிகளை மாற்றி மாற்றிப் பத்து முறை போட்டார். ஒருவர் 'முதலாவது' என்றால் அடுத்தவர் 'ரெண்டாவது' என்றார். ஒரு பையன் ஒரே பெட்டியை நல்லதென்றும் மட்டமென்றும் சொன்னான். அப்பாவின் பெட்டி என்று தோகியம் ஆறு முறை காட்டியது தொண்ணூறாயிரம் வோன் பெட்டியை.

வெள்ளிக்கிழமை அவனுடைய அப்பா வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்தது. "குழந்தைகளுக்கு என்ன தெரியும்? நான் இருபது வருஷமா கேட்கிறேன்" என்று சொல்லி ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

பத்தில் ஐந்து சரி, ஐந்து தப்பு.

துணைத் தலைமையாசிரியர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். அப்பாவின் காதுமடல் சிவந்துபோனதைப் பார்க்க முடியாமல் தோகியம் குனிந்துகொண்டான்.

"மாமா, உங்க வீட்டு ஸ்பீக்கர்ல வித்தியாசம் தெரியலாம்" என்றாள் நாரே. "எங்களோடது பாத்திர மூடி மாதிரி. எதைப் போட்டாலும் மூடி சத்தம்தான் வரும்."

அவர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். அங்கே தூசி படிந்த ஸ்பீக்கர் ஒரு பக்கமாகத் தொங்கியது.

"இதுக்கா நான் அதைக் கொடுக்கப் பார்த்தேன்!" என்று சிரித்துவிட்டார். "வீட்டுல போய் சத்தத்தைச் சமமா வச்சுட்டு நானும் கேட்டுப் பார்க்கிறேன். தோகியம், தூக்கு."

"நான் ஏற்கெனவே ஒரு தடவை தூக்கிட்டேன்பா."

எனவே அவரே தூக்கினார். படியில் இறங்கும்போது மூன்று இடத்தில் நின்றார்.

டீச்சர் மிச்சப் பணத்தைக் கணக்குப் பார்த்து, "வேற என்ன வேணும்?" என்று கேட்டார். நாரே வாய் திறப்பதற்குள் தோகியம் சொன்னான்: "சமையலறைக்கு ஸ்பீக்கர், டீச்சர். நாரேயோட அம்மா அங்கதான் இருக்காங்க."

பத்து நாளில், நீராவிக்குக் கெடாத ஸ்பீக்கர் ஒன்று பெரிய சோற்றுக் கொப்பரைகளுக்கு மேலே வந்து மாட்டப்பட்டது. அன்று மதியம் அறிவிப்பை முடித்ததும் நாரே கீழே ஓடினாள். அம்மா ரப்பர் பூட்ஸோடு நின்று தட்டுகளை அலசிக்கொண்டிருந்தாள்.

"கேட்டுதாம்மா?"

"கேட்டுது. ரயிலுக்குப் போறவ மாதிரி படிக்கிற. கொஞ்சம் மூச்சு விடு" என்றாள் அம்மா. ஆனால் அதே தட்டை மூன்றாவது முறையாக அலசிக்கொண்டிருந்தாள்.

"அடியே, அவ அழுதா!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் அம்மாவோடு சமைக்கும் பொக்சூன் பெரியம்மா.

"வெங்காயம்க்கா!" என்றாள் அம்மா.

"இன்னைக்கு ஏது வெங்காயம்? பொண்ணே, நீங்க போடுற குதிக்கிற பாட்டெல்லாம் எங்களுக்கு வேணாம். நாங்க ஏழு பேர். ஆளுக்கு ஒரு பாட்டு போடணும், எழுதிக்கோ."

நாரே உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டாள். ஆறு பேர் உடனே சொல்லிவிட்டார்கள். அம்மா மட்டும், "யோசிச்சுச் சொல்றேன், அவசரப்படுத்தாத" என்றாள்.

ஒரு நாளைக்கு ஒரு பாட்டாக ஆறு பாட்டுகள் போட்டாயிற்று. அம்மா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். ஒலிபரப்புக் குழு சமையலறைக்கு இன்னும் ஒரு பாட்டு பாக்கி.