மூன்று ஷாட்டில் ஒரு திருட்டு

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஊடகக் கல்லூரியின் கேமரா அறையைத் திறந்த கேமரா ஆசிரியர் போட்ட கூச்சலில் வராந்தாவே கூடிவிட்டது. மேல்தட்டு காலி. கல்லூரியிலேயே விலை உயர்ந்த லென்ஸ்கள் இருந்த கறுப்புப் பெட்டியைக் காணோம். பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. சாவி வைத்திருந்தவர்கள் இரண்டே பேர்: கேமரா ஆசிரியர், ஒலிப்பதிவு ஆசிரியை.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். முன்பின் கேமரா தொட்டறியாத பெண்மணி. அவர் வருவதற்குள் தீர்ப்பே எழுதியாகிவிட்டது.

"நீங்க வந்து கூட்டிட்டுப் போனா போதும்," என்றார் கல்லூரி முதல்வர். "அந்த அம்மா எடுக்கிறது வீடியோவுல இருக்கு. அரங்கத்துல போட்டு மாணவர்கள்கூடப் பார்த்தாச்சு."

"விசாரணை, சாட்சி, தீர்ப்பு எல்லாம் முடிச்சுட்டீங்க. தூக்குக் கயிறாவது எனக்கு மிச்சம் வச்சிருக்கீங்களா?"

முதல்வர் சிரிக்கவில்லை. ஒலிப்பதிவு ஆசிரியையின் பணிநீக்க உத்தரவு மேசைமேல் கிடந்தது. நண்பகலில் கையெழுத்து, அதன் பிறகு எந்தக் கல்லூரி வாசலையும் அவர் மிதிக்க முடியாது. அடுத்த மாதம் துறைத் தலைவராக வேண்டியவர் அவர்தான்.

"இதுல இன்னொரு தலைவலி," என்று முதல்வர் குரலைத் தாழ்த்தினார். "அந்த அம்மா கேமரா சாரோட அண்ணி. அண்ணன் இறந்துட்டார். ரெண்டு பேருக்கும் எலியும் பூனையும் மாதிரி."

கேமரா ஆசிரியரோ மறந்தும் அந்த உறவைச் சொல்லவில்லை. அவருக்கு அண்ணி 'அந்தம்மா'தான்.

இன்ஸ்பெக்டரை அவர் கேமரா அறைக்குக் கூட்டிப்போனார். ஜன்னல் இல்லாத அறை. மூலையில் ஈரம் உறிஞ்சும் மெஷின் நெல் அரைப்பதுபோல் கரகரத்துக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில் ஒரு பச்சை விளக்கு.

"இதை நிறுத்த முடியாதா?" இன்ஸ்பெக்டர் கத்த வேண்டியிருந்தது.

"நிறுத்தினா லென்ஸ்ல பூஞ்சை பிடிச்சிரும்!" அவரும் கத்தினார். "ராத்திரி பகல் ஓடும். பச்சை விளக்கு எரிஞ்சா ஓடுதுன்னு அர்த்தம்."

பிறகு எடிட்டிங் அறையில் வீடியோவைப் போட்டுக் காட்டினார். முதலில் அகல ஷாட். அதே அறை, மூலையில் பச்சை விளக்கு. கதவைத் திறந்து ஒலிப்பதிவு ஆசிரியை உள்ளே வருகிறார். டக், டக் என்று காலடி ஓசை. அடுத்தது குளோசப். அவர் முகம் மட்டும்; கண்கள் பக்கவாட்டில் ஒருமுறை ஓடித் திரும்புகின்றன. மூன்றாவது, ஒரு கை. கறுப்புப் பட்டை வாட்ச் கட்டிய கை பெட்டியைத் தட்டிலிருந்து இறக்குகிறது. தாழ்ப்பாள் 'கீச்'சென்று கத்துகிறது.

பார்த்த எவரும் திருடி என்றே சொல்வார்கள். அவ்வளவு திருட்டு முழி.

"யார் எடுத்தது?"

"யாரும் எடுக்கல. சனிக்கிழமை வகுப்பு முடிஞ்சு மூணு கேமராவை ஸ்டாண்டுல ஓட விட்டுட்டு மறந்துட்டேன். தேவையான இடத்தை மட்டும் வெட்டிச் சேர்த்தேன்."

"முழுசா எங்கே?"

"கார்டு பத்தலன்னு அழிச்சுட்டேன்."

"முகமும் பெட்டியும் ஒரே ஷாட்டுல ஏன் இல்ல?"

"ஸ்டாண்டு நின்ன இடம் அப்படி." அவர் உதட்டைச் சுழித்தார். "உங்களுக்கு இதெல்லாம் புரியாது மேடம்."

"அதனாலதான் கேக்கறேன். அது உங்க பெட்டிதானா?"

"தாழ்ப்பாள் கத்துச்சே, கேட்டீங்களா? துருப்பிடிச்சது. எங்ககிட்ட இருக்கிற வேற எந்தப் பெட்டியும் அப்படிக் கத்தாது."

"சத்தத்துல ஏதாவது கை வச்சீங்களா? கூட்டினது, குறைச்சது?"

"ஒரு துளிகூட இல்ல. படத்தோட சேர்ந்து பதிவான சத்தம்." சற்று நிறுத்தி, "சத்தம் என்ன மேடம், ஊறுகாய் மாதிரி. சாப்பாடு படம்தான்," என்றார்.

இன்ஸ்பெக்டர் அத்தனையையும் எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

ஒலிப்பதிவு ஆசிரியையை ஒரு காலி வகுப்பறையில் உட்கார வைத்திருந்தார்கள். வாசலில் காவலுக்கு ஒரு கான்ஸ்டபிள். இன்ஸ்பெக்டர் உள்ளே போனபோது அவர் எழுந்திருக்கவில்லை.

"விலங்கு கொண்டு வந்தீங்களா, இல்ல கயிறா?"

"கேள்வி கொண்டு வந்தேன். சனிக்கிழமை அந்த அறைக்குப் போனீங்களா?"

"இல்ல. வாரம் முழுக்கப் போனேன், வந்தேன். நூறு தடவை அந்தப் பெட்டியை இறக்கியிருப்பேன். மாணவர்கள் கேமராவைத் தூக்கிட்டுப் பின்னாடியே திரிவாங்க. எவன் எதை எடுத்தான்னு நான் கண்டேனா?"

"முழிக்கிறீங்களே, குளோசப்புல?"

"வகுப்புல ஒருத்தன் கொட்டாவி விட்டா நான் அப்படித்தான் முழிப்பேன். அந்த முகத்துக்குப் பக்கத்துல குழந்தை ஷாட்டை ஒட்டினா பாசம்னு சொல்வீங்க. பெட்டியை ஒட்டினா திருட்டுன்னு சொல்றீங்க. முதல் வருஷப் பாடம் இது. பாடம் நடத்துற முதல்வருக்கே மறந்து போச்சு."

"வீடியோவைச் சத்தத்தோட கேட்டீங்களா?"

"என்னைத் தவிர ஊருக்கே காட்டியாச்சு."

இன்ஸ்பெக்டர் தன் போனில் இருந்த பிரதியைப் போட்டார். ஆசிரியை தலையைத் திருப்பிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் வறட்டுச் சிரிப்பு ஒன்று வந்தது.

"என்ன?"

"நான் சொன்னா, தப்பிக்கச் சொல்றேன்னு ஆகும். நீங்களே கேளுங்க. ரெண்டு காது எதுக்கு இருக்கு? தொப்பி நழுவாம இருக்கவா?"

வாசலில் கான்ஸ்டபிள் இருமினார். இன்ஸ்பெக்டருக்குச் சுருக்கென்றது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி போட்டார். டக், டக். கீச். மறுபடியும். படத்தைப் பார்க்காதபோது அந்தக் காலடி எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! கிணற்றில் கல் விழுந்ததுபோல்.

கண்ணைத் திறந்தார். கேமரா அறையில் கத்தியதில் தொண்டை இன்னும் கரகரவென்றிருந்தது.

பதினொன்றரைக்கு எல்லாரையும் முதல்வர் அறைக்கு வரச் சொன்னார். பேனா மூடியைக் கழற்றி வைத்திருந்த முதல்வர், "முடிச்சுட்டீங்களா?" என்றார்.

"முடிச்சுட்டேன். பெட்டியை எடுத்தது கேமரா சார்."

"என்ன உளறல் இது!" கேமரா ஆசிரியர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"உட்காருங்க. இதைக் கேளுங்க." இன்ஸ்பெக்டர் போனை மேசையில் வைத்தார். கரகரவென்று இரைச்சல்; நடுவே எங்கோ அமிழ்ந்து அவருடைய சொந்தக் காலடி. "இப்பத்தான் கேமரா அறையில பதிவு பண்ணேன். அடுத்தது உங்க வீடியோ." டக், டக். கீச். "மெஷின் சத்தம் எங்கே?"

"சனிக்கிழமை கரண்ட் இல்ல. மெஷின் நின்னிருக்கும்."

"அகல ஷாட்டுல பச்சை விளக்கு எரியுது சார். நீங்க படம் எடுக்கிறவர். பார்க்கலையா?"

முதல்வர் போனை எடுத்துக் கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டார்.

"எல்லாம் வகுப்புல வேற வேற நாள் எடுத்த ஷாட்," என்று இன்ஸ்பெக்டர் தொடர்ந்தார். "பின்னாடி மாணவர் பேச்சு இருந்திருக்கும். அதை அப்படியே விட்டா வெட்டு தெரிஞ்சிரும். அதனால சத்தத்தை வழிச்சு எறிஞ்சுட்டு, அமைதியான அறையில புதுசா செஞ்சு ஒட்டினீங்க. படம் ஒரு நாள், சத்தம் ஒரு நாள். உங்க தொழில்ல அதுதானே வழக்கம்? மெஷின் இரைச்சலைச் சேர்க்கணும்னு உங்களுக்குத் தோணல. உங்களுக்கு இரைச்சல்னா குப்பை, கூட்டித் தள்ளுறது. எங்களுக்கும் தோணல. நாங்க யாரும் கேக்கல, பார்த்தோம்."

"ஒட்டினேன்னே வச்சுக்குங்க. பெட்டியை எடுத்தேன்னு ஆயிருமா?"

"தாழ்ப்பாள் கத்துச்சே சார். வேற எந்தப் பெட்டியும் கத்தாதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க. மெஷின் இல்லாத இடத்துல அந்தச் சத்தத்தைப் பதிவு பண்ணணும்னா பெட்டி உங்க கையில இருந்திருக்கணும். கார் சாவியைக் குடுங்க."

சாவி மேசைமேல் விழுந்தது. கான்ஸ்டபிள் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியோடு திரும்பினார். பின்சீட்டுக்கு அடியில் போர்வைக்குள் இருந்ததாம். அவர் பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தார். கீச்.

"அண்ணன் இருந்தவரைக்கும் வீட்டுல அவர் பேச்சு," என்று கேமரா ஆசிரியர் பல்லைக் கடித்தார். "அவர் போனப்புறம் இங்கேயும் இந்தம்மா பேச்சா? இவங்களுக்குக் கீழே நான் கைகட்டி நிக்கணுமா?"

முதல்வர் உத்தரவை நான்காகக் கிழித்தார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. கண்ணால பார்த்ததை நம்பிட்டோம். நமக்குள்ளேயே முடிச்சுக்கலாம்..."

"நமக்குள்ளேயா?" ஒலிப்பதிவு ஆசிரியை அப்போதுதான் பேசினார். "திருடின்னு அரங்கத்துலதானே காட்டினீங்க? அதே அரங்கத்துல, அதே மாணவர்களைக் கூட்டி, மைக்கைப் பிடிச்சு நீங்களே சொல்லணும். அதுவரைக்கும் நான் வகுப்புக்குப் போகமாட்டேன்."

முதல்வர் தலையாட்டினார்.

கான்ஸ்டபிள் தோளைத் தொட்டபோதுதான் கேமரா ஆசிரியர் ஒலிப்பதிவு ஆசிரியை பக்கம் திரும்பினார்.

"அண்ணி," என்றார். "வீட்டுல குழந்தைங்க இருக்கு. ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணி."

இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். அண்ணி ஒரு வார்த்தை சொன்னால் கேட்டுக்கொள்ளத் தயாராகவே நின்றார்.

ஒலிப்பதிவு ஆசிரியை எழுந்துபோய், கான்ஸ்டபிளும் கேமரா ஆசிரியரும் சேர்ந்து நடக்க இடம் போதுமா என்று பார்த்து, கதவின் மறு பாதியையும் திறந்து பிடித்துக்கொண்டார்.