அரிசிப் பானைக்குள் ஒரு டம்ளர்

"எங்கப்பாவை எங்க சித்தி விஷம் வச்சுக் கொன்னுட்டா, ஏட்டையா!"

2006 தீபாவளி சீசன். திருத்தங்கலில் ஓய்வுபெற்ற ஏட்டு லட்சுமிகாந்தத்தின் வாசலில் வந்து நின்றாள் வேல்விழி. பட்டாசுக் கம்பெனியிலிருந்து நேரே வந்திருந்தாள், பாவம். விரலெல்லாம் அலுமினியப் பொடி மினுங்கியது.

அவள் அப்பா சங்கிலிமுத்துவுக்கு நுரையீரலில் புற்று. ஆறு மாதம் தாங்குவார் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பதினைந்தே நாளில் கால் மரத்து, ஓயாமல் வாந்தி எடுத்துப் போய்விட்டார். அரிசிப் பானைக்குள் சித்தி ராக்காயி ஒளித்து வைத்திருந்த டம்ளர் நேற்றுத்தான் கிடைத்ததாம். அடியில் பச்சைக் கறை. நாளை ஸ்டேஷனில் மனு கொடுக்கப் போகிறாள்.

ஏட்டின் கூட்டாளி நல்லசிவம் அதற்குள் பைக்கை உதைத்துவிட்டார்.

வேல்விழி வீட்டு வேலியோரம் நித்யகல்யாணிச் செடிகள் இலையில்லாமல் மொட்டையாக நின்றன.

"ஆடு மேஞ்சிருக்கு," என்றார் நல்லசிவம்.

"ஏலே, ஆடு வாய் வைக்காத செடிலே அது. மனுசக் கைதான் உருவியிருக்கு."

ராக்காயி அச்சகத்தில் லேபிள் மடிக்கிறவள். லட்சுமிகாந்தம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொன்னாள். "நான்தான் கொடுத்தேன். எழுதிக்கிடுங்க."

"கேஸ் முடிஞ்சுபோச்சு!" நல்லசிவம் துள்ளினார்.

லட்சுமிகாந்தம் டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். சுற்றிலும் காய்ந்த பச்சைக் கறையோடு ஒட்டிப்போய் வெள்ளியாய் மினுங்கும் விரல் தடங்கள். சொன்னால் இந்தப் பிள்ளை உடைந்துபோகும். சொல்லாவிட்டால் ராக்காயி ஜெயிலுக்குப் போவாள்.

வேல்விழியிடம் திரும்பினார். "தாயி, அந்த இலையை உருவுனது யாரு?"

"நான்தான். அதோட சத்து நுரையீரல் புற்று அணுவைக் கொல்லும்னு பேப்பர்ல போட்டிருந்துச்சு. வேலைவிட்டு வந்ததும் தினம் காச்சி..." நிறுத்தினாள். "சித்திதான் அதுல எதையோ கலந்திருக்கா. அது மருந்து, ஏட்டையா!"

"கொன்னது ஆய்வுக்கூடத் தட்டுல. தட்டுல இருந்தது அணு மட்டுந்தான். உங்கப்பா முழு மனுசன்லா. ஆஸ்பத்திரியில அந்தச் சத்தைத் தனியாப் பிரிச்சு, அளந்து அளந்து ஏத்துவாக. பச்சை இலையை அப்படியே காச்சுனா விஷம். டம்ளர்ல ஒட்டியிருக்கது அலுமினியப் பொடி. லேபிள் மடிக்கிற கையில அது ஏது?"

"ஏன் சொன்னீக?" ராக்காயி சீறினாள். "அவுக போனப்புறம்தான் எனக்கே வெளங்குச்சு. சித்தின்னா எப்படியும் ஊர் ஏசத்தான் போகுது. பழி என்னோட போயிருக்கும்லா!"

வேல்விழி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"அப்பா ஒருநாளும் வேண்டாம்னு சொல்லலையே, சித்தி."

ராக்காயி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்கிட்டச் சொன்னாகடீ. 'குடலைப் புரட்டுது ராக்காயி. ஆனா நான் குடிக்கையில வேலு மூஞ்சி மலருறதைப் பார்த்தியா'ன்னு."